பூவா, கடலா? கேரவன் பயணக் கேள்விகள்

போன ஆவணியில் நாங்கள் நான்கு தோழிகள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாடகைக் கேரவனில் கிளம்பி, மலபார் கடற்கரையோரமாகக் கண்ணூர் வரை போய், மாடாயிப்பாறை மேட்டில் காக்கப்பூ என்கிற சின்ன நீலக் காட்டுப்பூ பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி இந்தப் பகுதியில் சின்னதாக எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் பாலக்காடு எல்லைக்காரர்கள், அதனால் வழியையும் இங்கிருந்தே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த ஐந்து பேர். எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் ஆறு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கேரவன் எடுத்துக் கோவளம், வர்க்கலை, ஆலப்புழை, கண்ணூர் எல்லாம் பார்த்து, அப்படியே மூணாறு ஏறிப் பூவும் பார்த்துவிட்டு வரலாமா? (வாசகி, வேலந்தாவளம்)

பதில்: வேண்டாம்மா. ஆறு நாளில் இதைச் செய்தால் நீங்கள் பார்க்கப்போவது ரோட்டைத்தான். கேரளத்தின் கடற்கரை மட்டுமே சுமார் 590 கிலோமீட்டர், அதோடு மூணாறு ஏற்றம் வேறு. கேரவனைக் கார் மாதிரி ஓட்ட முடியாது. உள்ளே பாத்திரம், தண்ணீர், கட்டில், ஃப்ரிட்ஜ் என்று ஒரு வீடே ஆடிக்கொண்டு வருகிறது. தேசிய நெடுஞ்சாலை 66-ல் ஆறு வழி வேலை முடியாத இடங்களில் சர்வீஸ் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். நிறுத்தி, டீ குடித்து, வழி கேட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு மணிக்கு 35 கிலோமீட்டர்தான் தேறியது. அந்தக் கணக்கை வைத்துத் திட்டம் போடுங்கள்.

முதலில் ஆள் கணக்கு. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இரண்டு பேருக்கு ஒரு மாதிரி, நான்கு பேருக்கு ஒரு மாதிரி என்றுதான் வண்டிகளைச் சொன்னார்கள், வாடகைக்குக் கிடைப்பதும் அநேகமாக அப்படித்தான். ஐந்தாவது ஆள் கீழே ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர் அவரைத்தான் மிதிப்பார். அதைவிட முக்கியம், வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்து வரக்கூடாது, எல்லாருக்கும் பெல்ட் உள்ள சீட் வேண்டும். நீங்கள் ஐந்து பேர் என்பதால் ஒரு கேரவன், கூடவே உங்களில் ஒருவருடைய கார் என்று போங்கள். கேரவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றுவதற்கு அந்தக் கார்தான் உங்களுக்குக் கால்.

அப்புறம், பூவா கடலா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்தப் பக்கத்துக் காட்டுப்பூக்களை எழுப்புவது தென்மேற்குப் பருவமழை. ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை அவற்றின் காலம். கடலைக் கொந்தளிக்க வைப்பதும் அதே மழைதான். ஆவணியில் பூ நிறைந்து கிடக்கும், ஆனால் கடலில் இறங்கிக் குளிக்க முடியாது, கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் கடல் குளம் மாதிரி இருக்கும், பூ இருந்த பாறையில் அப்போது வெறும் காய்ந்த புல். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். நானாக இருந்தால் பூவைத்தான் தேர்வு செய்வேன். கடல் எங்கும் போய்விடாது, பூ ஆறேழு வாரத்தில் போய்விடும். மழை நின்று வெயில் அடிக்கிற ஒரு மணி நேரத்தில் அந்தச் சாம்பல் நிறக் கடலைப் பார்க்கிறது குளிப்பதற்குக் குறைந்த சுகம் இல்லை.

உங்கள் ஆறு நாளுக்கு நாங்கள் போன வழியையே சொல்கிறேன். விடிவதற்கு முன் கிளம்பிப் பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மலப்புறம் வழியாகக் கோழிக்கோடு. நம் கணவாய்க் காற்றை மறக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வாய் திறந்திருக்கிறது, ஆடி ஆவணியில் அதற்குள் புகுந்து வருகிற காற்று உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பாலக்காடு தாண்டும்வரை வேகமே வேண்டாம். முதல் ராத்திரி காப்பாடு. 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கிய இடம் என்று கல் நட்டிருக்கிறார்கள். சுத்தமான கடற்கரைக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றை 2020-ல் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று, பெண்கள் கூட்டமாகப் போனால் அந்தச் சுத்தமான டாய்லெட்டின் அருமை தெரியும். அடுத்த இரண்டு ராத்திரி முழப்பிலங்காடு பக்கம், அதற்கடுத்த இரண்டு பழயங்காடி பக்கம், பூ இருக்கிற மாடாயிப்பாறை அங்கேதான். ஒரு ஹால்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இடையில் மாஹி வரும். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, டீசல் கேரளத்தைவிடக் குறைவு. தலச்சேரி மாஹி பைபாஸில் ஏறிவிட்டால் ஊரைத் தாண்டிப் போய்விடுவீர்கள், டீசல் போட வேண்டும் என்றால் பழைய ரோட்டைப் பிடியுங்கள். ஆறாவது நாள் முழுக்கத் திரும்புவதற்கு. அன்றைக்கு ஒன்றும் பார்க்காதீர்கள்.

இன்னும் வடக்கே காசர்கோட்டுப் பக்கம் இருக்கிற பேக்கல் கோட்டை விட்டுப்போகிறதே என்று ஒருத்தி கட்டாயம் சொல்வாள். எங்களிலும் ஒருத்தி சொன்னாள். விட்டுவிட்டோம், நல்லதாகப் போயிற்று.

கேள்வி: முழப்பிலங்காட்டில் கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டலாமாமே. கேரவனை இறக்கி, ராத்திரி அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே மணலில் தூங்க வேண்டும் என்று நண்பர்கள் ஒரே பிடியாக இருக்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், சித்தூர்)

பதில்: கார் ஓட்டலாம் என்பது உண்மை. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் சிமென்ட் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிறது, அலையின் வேகத்தைக் கடலுக்குள் இருக்கிற கறுப்புப் பாறைகள் தடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த இறுக்கம் ஈரம் இருக்கிற பட்டையில் மட்டும்தான். கரைப் பக்கம் ஒரு வண்டி அகலம் ஒதுங்கினால் பொலபொலவென்று காய்ந்த மணல். காரே புதையும், மூன்று நான்கு டன் கேரவன் புதைந்தால் அதை எடுக்க ஜேசிபிதான் வர வேண்டும். மழைக்காலத்தில் மணலில் வண்டியே விடாத நாட்களும் உண்டு, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

தூங்குவதைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது, அந்த நேரமும் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். நேற்று சாயங்காலம் காலி மணலாக இருந்த இடத்தில் இன்று அதே நேரம் தண்ணீர் நிற்கலாம். இதுகூடக் கணக்குக்கு அடங்குகிற விஷயம். கள்ளக்கடல் என்று மலபார் மீனவர்கள் சொல்வது அடங்காது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல் கிளப்பிய அலை இரண்டு மூன்று நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். நம் ஊரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். திருட்டுத்தனமாக வருவதால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது, மலையாளச் செய்தியில் கள்ளக்கடல் என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கு மணலுக்கே போகாதீர்கள்.

கேரவனை ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்பில் இடம் தருகிற விடுதி எதிலாவது விட்டுவிட்டு, மணலுக்கு நடந்து போங்கள். அலைச் சத்தம் அங்கேயும் நன்றாகக் கேட்கும். இன்னொன்று, கடல் காற்றில் இரண்டு நாள் நின்ற வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

கேள்வி: மாடாயிப்பாறைப் பூவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து என் மகளும் அவள் தோழிகளும் கிளம்புகிறார்கள். நாலு செடி வேரோடு எடுத்துவந்து தொட்டியில் வைத்தால் வளருமா? (வாசகி, மீனாட்சிபுரம்)

பதில்: வளராது. எடுக்கவும் வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஏன் என்று தெரிந்தால் அவளே எடுக்கமாட்டாள்.

மாடாயிப்பாறை என்பது பழயங்காடிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே எழும்பி நிற்கிற ஒரு பெரிய செம்பாறை மேடு. வீடு கட்ட வெட்டி எடுக்கிறார்களே, அதே வெட்டுக்கல். மேலே மண் என்று பார்த்தால் விரல்கடை அளவுதான். மழைக்காலத்தில் அந்த மெல்லிய மண்ணும் பாறைப் பள்ளங்களும் தண்ணீரில் ஊறிக் கிடக்கும், சத்து ஒன்றும் இருக்காது, எல்லாவற்றையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். சத்தில்லாத அந்த இடத்தில் காக்கப்பூச் செடி பிழைக்கிற விதம்தான் ஆச்சரியம். மேலே சாண் உயரத் தண்டில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சின்னப் பூ. கீழே ஈரத்துக்குள் கடுகைவிடச் சின்னச் சின்னப் பைகள். தண்ணீரில் நீந்துகிற நுண்ணிய பூச்சி அந்தப் பையின் வாயில் இருக்கிற மயிரிழையைத் தொட்டால் கதவு திறந்து, பை தண்ணீரோடு பூச்சியையும் உறிஞ்சிக்கொண்டு மூடிவிடும். மண்ணில் கிடைக்காத சத்தை இப்படித் தேடிக்கொள்கிறது. நம் தொட்டியில் தொழு உரம் போட்டு வைத்தால் அதற்கு அது சாப்பாடு இல்லை, சாவு. மழை விட்டுப் பாறை காய்ந்ததும் செடி தன் காலத்தை முடித்துக்கொண்டு விதையாகிவிடும்.

நாங்கள் போன அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை நீலம், நடுநடுவே வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி வேறு சிறு பூக்கள், தூரத்தில் ஏழிமலை, இந்தப் பக்கம் வடுகுந்தா கோயில் குளம் நிறைந்து வழிகிறது. நால்வரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பத்தடி நடந்ததும் பூவுக்கு நடுவே ஜீப் டயர் போன தடம். இரண்டு கோடாகக் கலங்கல் தண்ணீர், அதில் ஒரு செடி இல்லை. விரல்கடை மண்ணை டயர் அழுத்திவிட்டால் அடுத்த வருஷம் விதை எங்கே ஊன்றும்? அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இப்போதும் அடங்கவில்லை. போட்டோ எடுக்கிறவர்கள் பூவின் மேல் படுத்துப் புரள்வதையும் பார்த்தேன். தயவுசெய்து வண்டியை ரோட்டிலேயே விடுங்கள், ஏற்கனவே இருக்கிற ஒற்றையடிப் பாதையில் நடங்கள், படம் வேண்டும் என்றால் பாதையில் குந்தி உட்கார்ந்து எடுங்கள். பூ சின்னதுதான், குனிந்தால்தான் அழகு தெரியும்.

ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் பூக்களம் போடுகிறவர்களும் பார்க்க வருகிறவர்களுமாகக் கூட்டம் இருக்கும். திருவோணம் முடிந்த மறு வாரம் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீர், டாய்லெட், கரண்ட். இந்த மூன்றையும் சமாளிப்பது எப்படி? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை)

பதில்: கூச்சமே வேண்டாம், இதைக் கேட்காமல் போனவர்கள்தான் பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள். சிக்கனமாக இருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஆகும், நான்கு பேருக்கு 80. டேங்க் எத்தனை லிட்டர் என்று முதல் நாளே கேட்டுவிட்டால் எத்தனை நாளைக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். குடிக்கிற தண்ணீரைக் கேனில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில், டாய்லெட் கழிவு இன்னொரு தொட்டியில் சேரும். இரண்டையும் ஓடையிலோ மணலிலோ திறந்துவிடக் கூடாது, இரண்டாவதை எக்காரணம் கொண்டும் கூடாது. அதனால்தான் கேரவன் பார்க் அல்லது பெரிய விடுதி வளாகத்தில் ராத்திரி தங்குவது, அங்கே காலி செய்ய வசதி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கடற்கரையில் பொது டாய்லெட் நன்றாக இருந்தால் வண்டியில் இருப்பதை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் விஷயத்தில் எங்களுக்கே ஏமாற்றம் நடந்தது. வாடகைக்குக் கொடுத்தவர் ராத்திரி முழுக்க பேட்டரியில் ஃபேன் ஓடும் என்றார், இரண்டாம் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் எல்லாம் நின்றுவிட்டது. பழைய பேட்டரி என்று பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஆவணிப் புழுக்கத்தில் கடலோரம் கொசுவுக்கு ஜன்னலையும் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் மூன்றையும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஏசி வேண்டும் என்றால் வெளியிலிருந்து கரண்ட் இழுக்கிற இடத்தில்தான் ராத்திரியை வைத்துக்கொள்ள வேண்டும், நீளமான ஒயரும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெண்கள் மட்டும் போனால் ராத்திரி எங்கே நிறுத்துவது? ரோட்டோரம் நிறுத்திவிட்டால் என்ன? (வாசகி, கோவிந்தாபுரம்)

பதில்: ரோட்டோரம் வேண்டவே வேண்டாம், ஆண்கள் போனாலும் வேண்டாம். லாரி வந்து இடிப்பதுதான் அங்கே முதல் பயம். இருட்டுவதற்கு முன் தங்குமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம், ஒரு நாளும் மீறவில்லை. டிரைவருக்கு வெளியே தனி அறை ஏற்பாடு செய்து, அந்தச் செலவையும் பொதுப் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள். அவர் நன்றாகத் தூங்கினால்தான் மறுநாள் உங்களுக்கு நிம்மதி.

கேள்வி: கோயம்புத்தூர் நண்பர்கள் பெரிய கேரவனில் உடுமலை வழியாக வந்து இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்த வருஷம் வரச் சொல்லட்டுமா? (வாசகர், மறையூர்)

பதில்: இரவிகுளத்துக் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை. 2006, 2018, அடுத்தது 2030. நடுவில் வேறு மலைகளில் வேறு கணக்கில் பூப்பது உண்டு, 2022-ல் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் பூத்தது. அப்படி ஏதாவது பூத்தால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும், அப்போது கூப்பிடுங்கள். சும்மா இரவிகுளம் பார்க்க வருவதென்றாலும் வரலாம், வரையாடும் 2,695 மீட்டர் ஆனைமுடியும் எப்போதும் இருக்கின்றன. ஆனால் சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் இரவிகுளத்தின் பார்வையாளர் பகுதியான ராஜமலை ஏற வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூடிவிடுவார்கள். பெரிய கேரவன் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னாறு காட்டுவழியில் யானை எதிரே நின்றால் அந்த வண்டியைத் திருப்பவும் முடியாது, பின்னால் எடுக்கவும் முடியாது. அதை உடுமலையிலேயே விட்டுவிட்டு ஜீப்பிலோ காரிலோ வரச் சொல்லுங்கள். இருட்டினால் அந்தக் காட்டுப்பாதையை மூடிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். குறிஞ்சி இப்போது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற செடி, பறித்தால் வழக்கு.

கேள்வி: சாதாரண கார் லைசென்ஸ் வைத்து நானே ஓட்டலாமா? (வாசகர், நல்லேப்பிள்ளி)

பதில்: வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் விடுகிறது என்பதற்காக முதல் நாளே மண்ணார்க்காடு ரோட்டில் பழகாதீர்கள், காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டி வையுங்கள், ரயில்வே பாலம் வரும்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கேள்வி: வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், வண்டியிலேயே சமைத்தீர்களா? (வாசகி, எலப்புள்ளி)

பதில்: எலப்புள்ளியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா நீங்கள்! பக்கத்திலேயே ராமசேரி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்சட்டிமேல் வலை கட்டித் துணி போட்டு அவிக்கிற அந்தத் தட்டை இட்லி மறுநாளும் கெடாமல் பஞ்சு மாதிரியே இருக்கும். இரண்டு நாள் காலைச் சாப்பாட்டை அதிலேயே முடித்தோம். வண்டியில் டீயும் கஞ்சியும் மட்டும் வைத்தோம், கேஸை மழைக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பற்றவைக்கக் கூடாது, ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். மத்தியானம் எந்த ஊரோ அந்த ஊர் ஓட்டல். தலச்சேரிப் பக்கம் கல்லும்மக்காய் என்கிற கடல் சிப்பி கிடைத்தால் சாப்பிட்டுவிடுங்கள். இட்லிப்பொடியைக் கிளம்பும் முன்பே நல்லெண்ணெயில் குழைத்து எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பாட்டிலைத் தனியாகக் கொண்டுபோனால் முதல் வளைவிலேயே சாயும்.